பின்சீட்டின் இடதுபக்கம்

ஒரு வருஷம் கொட்டகைக்குள் மூடிக் கிடந்த காரின் பின்சீட்டு ஈரமாக இருந்தது. அதுவும் இடதுபக்கம் மட்டும். தெய்வநாயகம் விரலால் அழுத்திப் பார்த்தார். தோலுக்குள்ளிருந்து நீர் கசிந்து விரலைச் சுற்றி நின்றது. முகர்ந்து பார்த்தார். உப்பு வாடை.

கூரையைத் தடவினார், ஜன்னல் ரப்பரைக் கிள்ளினார், தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.

"ஒழுகுற காடி இல்லண்ணே. வெயில்ல வச்சா சரியாயிடும்," என்றார் தரகர் ராஜரத்தினம். கொட்டகை வாசலைத் தாண்டி அவர் ஓர் அடிகூட உள்ளே வரவில்லை.

வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று தெய்வநாயகமும் தமக்குள் சொல்லிக்கொண்டார். வாங்க ஆசைப்பட்டுவிட்ட மனுஷனுக்குக் குறை எங்கே கண்ணில் படும்? இந்த மாதிரிக் கார் சீமையிலேயே மொத்தம் ஏழுதான் செய்தார்களாம். இது நான்காவது என்று முன்பலகையில் பித்தளைத் தகடு அடித்திருந்தது. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. அதை நகர்த்தும் பிடி பின்பக்கம் மட்டும்தான் உண்டு. டிரைவரின் குரல் துரையின் காதில் விழுந்துவிடக் கூடாது என்று யாரோ மெனக்கெட்டு யோசித்துச் செய்த வேலைப்பாடு.

அந்த டிரைவர் இவரேதான். ஜப்பான்காரன் சண்டை முடிந்த நாளிலிருந்து ரப்பர்த் தோட்டத்துத் துரைக்கு இதே காரை ஓட்டினார். துரை பேசமாட்டார். மோதிரத்தால் கண்ணாடியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் போ. இரண்டு தட்டு என்றால் நில். டிரைவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. மாட்டுவண்டிக்காரன் மாட்டிடம்கூட வாயைத் திறந்துதான் பேசுகிறான். இதையெல்லாம் தெய்வநாயகம் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த ஆண்பிள்ளை பெண்டாட்டியிடம் போய்ச் சொல்வான்?

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததும் துரை ஊருக்குப் புறப்பட்டார். படகுத்துறையில் காரை நிறுத்தியபோது முன்னால் கடல்தான் இருந்தது. துரை இறங்கவில்லை. ஒரு தட்டு தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு தட்டு. கடைசியில் இவராகவே இறங்கிப் போய்க் கதவைத் திறந்து, கப்பலுக்கு நேரமாகிறது என்று சொல்லவேண்டி வந்தது. துரை போகும் வழியிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனார், உடலை நடுக்கடலில் இறக்கிவிட்டார்கள் என்று பிறகு பேச்சு அடிபட்டது.

இப்போது அந்தக் காரை வாங்கிக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஆசை. தோட்டத்தில் கணக்கு முடித்துக் கொடுத்தனுப்பிய பணமும் பெண்டாட்டி பாக்கியத்தின் தங்க வளையலும் போனால் கார் கைக்கு வந்துவிடும். பிறகு இவரே முதலாளி. விலை மலிவாக இருந்ததுதான் உறுத்தியது. முன்பு வாங்கிய இரண்டு சீனத் தவுக்கே முதலாளிமாரும் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்றார் தரகர். ஓட்டிப் பார்த்துவிட்டுக் காலையில் முடிவு சொல்வதாகச் சாவியை வாங்கிக்கொண்டார்.

காஜா பெராங் தெருவில் தம் வீட்டு வாசலில் பாக்கியம் எலுமிச்சம்பழங்களோடு காத்திருந்தாள். சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஏறவேண்டும் என்றாள். கார் இன்னும் நம்முடையது ஆகவில்லையே, யாருடைய வண்டிக்கோ நாம் ஏன் கழிக்கவேண்டும் என்று அவர்தான் தடுத்துவிட்டார்.

"சரி, நான் பின்னால ஒக்காந்து பாக்கறேங்க. பொண்ணு மாப்பிள்ளைக்குச் சொகமா இருக்குமான்னு தெரிய வேணாமா?"

அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. ஈரத்தின்மேல் துண்டை விரித்தார், கதவைத் திறந்துவிட்டார். பாக்கியம் சீட்டின் நடுவில் மகாராணிபோல் உட்கார்ந்து சிரித்தாள். அவர் கதவைச் சாத்தினார். பின்கதவின் உள்பிடி எப்போதோ உடைந்துபோனது. துரை தாமாகக் கதவைத் திறந்துகொள்கிற ஆள் இல்லை என்பதால் யாரும் அதை மாற்றவில்லை.

மாரியம்மன் கோயில்வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. பொழுது சாய்ந்து, சூரா தொழுகைக்கூடத்திலிருந்து பாங்கு ஒலி மிதந்து வர, இறைச்சி சுடும் சாத்தே கடைப் புகையும் சாக்கடை நாற்றமும் யார் வீட்டிலோ வெங்காயம் வதக்கும் மணமும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து போக, எஞ்சின் பழைய எஜமான விசுவாசத்தோடு உறுமாமல் ஓடியது. அவர் மனம் குளிர்ந்து போனது. வாங்கிவிடவேண்டியதுதான் என்று அந்தக் கணமே முடிவு செய்தார். கோயில் கோபுரம் தெரிந்ததும் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனார்.

டொக்.

ஒரு தட்டு. யோசிப்பதற்குள் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டது. கோயில் பின்னால் போய்விட்டது.

"என்ன பாக்கியம், தொரசாணி ஆயிட்டியா?" என்று சிரித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்காது. பிறகுதான் உறைத்தது. பாக்கியம் மோதிரம் போடுவதில்லை. அவள் தட்டியிருந்தால் வளையலும் சேர்ந்து குலுங்கியிருக்கும். அதைவிட, அந்தத் தட்டைப் பற்றி அவளுக்குத் தெரியவே தெரியாது.

சின்னக் கண்ணாடியில் பார்த்தார். நடுவில்தான் இருந்தாள். இரண்டு கையும் மடியில். கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சந்தில் திருப்பிவிடலாம் என்று நினைத்தார். வேகத்தைக் குறைத்தார். டொக். சந்து போய்விட்டது. எதிரே ஒரு ரிக்‌ஷா தடுமாறி ஒதுங்கியது. இவர் கால் இவர் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் யார் பேச்சைக் கேட்டுப் பழகியதோ, அவர் பேச்சையே கேட்டது. உப்பு வாடை முன்பக்கத்துக்கும் வந்துவிட்டது. பாதத்தடியில் ஏதோ சில்லிட்டது. தண்ணீர்.

மறுபடி கண்ணாடியில் பார்த்தார். பாக்கியம் இப்போது சிரிக்கவில்லை. இடதுபக்கம், துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்.

புங்கா ராயா கடைத்தெரு போனது. பாலம் போனது. விளக்குகள் குறைந்தன. காற்றில் சேற்று நாற்றம். படகுத்துறை.

டொக், டொக்.

இரண்டு தட்டு. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. துறையின் விளிம்பில் கார் நின்றது. முன்னால் கடல்தான் இருந்தது. தெய்வநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. நின்றுவிட்டதே, அது போதும். இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டால் முடிந்தது. அன்றைக்கும் அப்படித்தானே செய்தார். கதவுப் பிடியில் கை வைத்தார். கடைசியாக ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார்.

பாக்கியம் நடுவில் இல்லை. வலதுபக்க மூலைக்கு நகர்ந்திருந்தாள். பெரிய மனிதர் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் செய்வதுபோல், முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தி, உடம்பை ஒடுக்கிக்கொண்டு இடம் விட்டிருந்தாள். ஒரு கை கதவில் இல்லாத பிடியைத் தேடியது. கண் இவர்மேல் இருந்தது. உதடு அசைந்தது. என்னங்க.

டொக்.

கூடவே இன்னொன்று விழுமா என்று அவர் காத்திருந்தார். விழவில்லை.

டொக்.

கதவுப் பிடியிலிருந்து அவருடைய கை விலகி, ஸ்டீயரிங்கைப் பிடித்தது.