கழற்றி வைத்த ஸ்டியரிங்

சீட்டு முன்னால் வந்திருந்தது.

யூனன் கார்க் கதவைத் திறந்து உடம்பை உள்ளே இறக்கியபோது முட்டி இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் போய் இடித்தன. அவன் நெட்டையன், சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளித்தான் ஓட்டுவான். கண்ணாடியும் கீழே பார்த்துச் சாய்ந்திருந்தது. குட்டையான ஆள் யாரோ உட்கார்ந்து, எல்லாவற்றையும் தன் வாகுக்குத் திருத்திக்கொண்டது போல.

அந்த வீட்டில் குட்டையான ஆள் ஒருத்தன்தான். தம்பி மேனஸ்.

மேனஸ் அடுப்பங்கரையில் நின்றபடி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி என் வண்டிய எடுத்தியாடா?"

"எனக்கு லைசென்ஸும் கெடையாது, இன்ஷூரன்ஸும் கெடையாது. போலீஸ்ல மாட்டி அம்மா கையால சாகவா?"

"அப்ப சீட்டு தன்னால நகந்துச்சா?"

"உன் காலு ராத்திரியில வளருதோ என்னவோ. ஏற்கெனவே கொக்கு மாதிரிதான இருக்க."

அம்மா தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தாள். யூனனுக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. இவன் என்ன சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

கார் அவனுடையது. கிரீன்காஸல் துறைமுகத்தில் இரண்டு கோடை முழுக்க மீன்பெட்டி தூக்கி, உடம்பில் கவிச்சி ஏறிப் பெண்கள் தள்ளி உட்காரும்படி உழைத்து வாங்கியது. ஜப்பானில் யாரோ வருஷக்கணக்கில் ஓட்டி விற்று, கப்பலில் வந்த பழைய வெள்ளைக் கார். அயர்லாந்தின் வடகோடியில், இந்த டொனிகால் பையன்கள் அப்படி ஒரு காரை வந்தபடியே விடுவதில்லை. விட்டால் ஊர் மதிக்காது. தாழ்த்த வேண்டும், புகைக்குழாயை மாற்ற வேண்டும், பின்சக்கரம் இரண்டும் பிரியாமல் ஒன்றாகவே சுற்றும்படி டிஃப்ரன்ஷியலுக்குள் வெல்டிங் வைக்க வேண்டும். அப்படி வெல்டிங் வைத்த வண்டி மெதுவாகத் திரும்பினால்கூட டயர் தரையைப் பிறாண்டிக் கீச்சிடும். தூரத்தில் கேட்டாலே யார் வண்டி என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் ஊரில் கார் பழுது பார்க்கிற ஹ்யூகி கிழவனின் கொட்டகையில் யூனன் கற்றுக்கொண்டான். தானே காருக்கு அடியில் படுத்தான், தானே கையைச் சுட்டுக்கொண்டான். வெல்டிங் வைத்த அன்று மேனஸ் வேடிக்கை பார்க்க வந்தான். ஹ்யூகி அவனிடமும் சாவியைக் கொடுத்தான். அந்தப் பொடியன் முற்றத்தில் நின்ற எண்ணெய்ப் பீப்பாயைச் சுற்றிக் காரைச் சறுக்கவிட்டான், காம்பஸ் வைத்து வட்டம் போட்ட மாதிரி. அடுத்து யூனன் ஓட்டினான். பீப்பாய் விழுந்தது.

"வண்டி உன்னுதுடா, பயலே," என்றான் ஹ்யூகி. "கை அவனுது."

யூனனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். வயிற்றுக்குள் எதுவோ காந்தியது. அந்தக் காந்தல் பிறகு அணையவே இல்லை.

அன்றைக்குப் பிறகுதான் சீட்டு நகர ஆரம்பித்தது. கடைசி வரை தள்ளிவிட்டுப் பூட்டுவான். காலையில் முன்னால் வந்திருக்கும். என்ஜின் மூடியில் கை வைத்தால், புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கிற காலையில், அது மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ஒரு வாடை. சிகரெட்டும் கற்பூரமும் கலந்து, நாள்கணக்கில் அடைத்து வைத்த அலமாரி வாடை. மேனஸ் சிகரெட் தொட்டதில்லை. யூனனுக்கு அது தெரியும். தெரிந்தும் அவன் அதை யோசிக்கவில்லை. பொறாமை பிடித்தவன் தனக்குத் தோதானதை மட்டும்தான் மோப்பம் பிடிப்பான்.

சாவி போட்டதும் காருக்குள் ஒரு ஜப்பான்காரி பேசுவாள். சுங்கச்சாவடிக்கு அட்டை செருகுகிற பெட்டியின் குரல். அட்டை இல்லை என்கிறாளாம். இங்கே வந்திறங்குகிற கார்களில் பாதிக்கு அவள் உண்டு. மேனஸ் அவளுக்குக் குட் மார்னிங் சொல்வான். அவள் சொன்னதைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லிக் கைதட்டுவான். அதையும் யூனனால் தாங்க முடியவில்லை. ஒயரை வெட்டிப் பெட்டியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டான்.

பிறகு ஸ்டியரிங்கை மாற்றினான். பொத்தானை இழுத்தால் கையோடு கழன்று வருகிற வகை. திருட்டுப் பயம் உள்ள பையன்கள் காரை நிறுத்தியதும் அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள்ளே போவார்கள். யூனன் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து தன் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினான்.

"இனிமே எப்படி ஓட்டுறன்னு பாக்குறேன்," என்றான் தம்பியிடம்.

மேனஸ் அவனை ஒரு மாதிரி பார்த்தான். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுடா. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். எனக்கு உன் கார் வேணாம்."

டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும். அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். மேனஸ் கரி எடுத்துவர வெளியே போனான். யூனன் கட்டிலில் கிடந்து, ஓட்டில் மழை தட்டுவதையும், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் முனகுவதையும், கீழே கடல் கல்லைப் புரட்டிப் புரட்டிப் போடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்தச் சத்தங்களுக்கு நடுவில் இன்னொன்று, மிக மெல்ல, தோல் பெயின்ட்டில் உரசுகிற மாதிரி, கதவுப் பக்கமிருந்து வந்தது.

ஸ்டியரிங் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தான். ஜன்னல் சாத்தியிருந்தது.

வெளியே என்ஜின் முழங்கியது.

அவனுடைய என்ஜின். அவனுடைய புகைக்குழாய். சாவி மேசைமேல் கிடந்தது. முழக்கத்துக்கு மேலாக, குப்பைக்குப் போன அந்தப் பெண் குரல், பணிவாக, தெளிவாக, என்னவோ சொன்னது. கேட் பக்கம் டயர் கீச்சிட்டது. பிறகு சத்தம் சாலையில் இறங்கித் தேய்ந்தது.

போன் அடித்தது. மேனஸ்.

"யூனன். கார் உள்ள லைட்டு எரிஞ்சுதுடா. பேட்டரி போயிருமேன்னு இந்தப் பக்கத்து சீட்டுல ஏறி அணைக்கப் போனேன். கதவு சாத்திக்கிச்சு. தொறக்க மாட்டேங்குது."

"பொய் சொல்லாத. நீதான ஓட்டுற?"

"எதப் புடிச்சுடா ஓட்ட? ஸ்டியரிங்கே இங்க இல்ல."

கதவு ஆணியில் தொங்கிய ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியது. நிதானமாக. நின்றது. கொஞ்சம் வலப்பக்கம் வந்தது.

இடுகாட்டு வளைவு. பிறகு பாலம். அந்தச் சாலையின் ஒவ்வொரு நெளிவும் யூனனுக்கு அத்துப்படி. பாலம் தாண்டினால் கடலோரம். கடலோரத்தில் குட்டைச் சுவர் உள்ள வளைவு.

"யாரு ஓட்டுறா, மேனஸ்?"

"யாரும் இல்ல. சீட்டுதான் முன்னாடி வந்திருக்கு." தம்பியின் குரல் நடுங்கியது. ஆனாலும் அதில் ஒரு வியப்பும் இருந்தது. "ஆனா எப்படி ஓட்டுது தெரியுமா? வளைவெல்லாம் வெண்ணெய் மாதிரி. ஹ்யூகி பாக்கணும்டா இத."

யூனன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் எறிந்தான். ஸ்டியரிங்கை ஆணியிலிருந்து பிடுங்கினான்.

சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்தது போல. எடுக்காதது போல.

அது அவன் கைக்குள் திரும்பியது. அளந்து. துளி அவசரம் இல்லாமல். அவனை விட நன்றாக. தம்பியை விட நன்றாக. இத்தனை நாளும் இந்தக் கைகளுக்குத்தான் அந்தக் கார் காத்திருந்தது. அவனுக்கு இல்லை. ஒருநாளும் அவனுக்கு இல்லை.

வயிற்றில் காந்தல்.

"விடு," என்றான். "என்னுது."

எதிர்ப்பக்கம் முறுக்கினான். கட்டிலில் கிடந்த போனிலிருந்து டயர் அலறல்.

"என்னடா பண்ற? நீயா? நீயா ஆட்டுற?"

"என் வண்டி."

"விடுடா! அது நல்லாத்தான் போகுது. வீட்டுக்குத்தான் சுத்தி வருதுபோல. யூனன், விட்டுரு. கைய எடு."

கையை எடுத்தால் போதும். அது அவனுக்குத் தெரியும்.

கற்பூர வாடை. சிகரெட்.

பிடி இறுகியது.

"யூனன், சுவரு வருது. அண்ணே..."

அவன் அப்படி அழைத்ததே இல்லை.

ஸ்டியரிங் வலப்பக்கம் இழுத்தது. யூனன் விடவில்லை. இழுத்தது. விடவில்லை.

பிறகு அது தோற்றுக்கொடுத்தது. சட்டென்று. கையில் கனமே இல்லை. வெறும் தோல் வளையம். சில்லென்று.

போனில் எதுவும் உடைகிற சத்தம் கேட்கவில்லை. காற்று. நீளமாகக் காற்று. பிறகு தண்ணீர். மெல்ல உள்ளே வருகிற தண்ணீர்.

அந்தப் பெண் பேசினாள். வழக்கமான அதே வாக்கியம்.

அவள் முடித்ததும் மேனஸ் அதைத் திருப்பிச் சொன்னான். நிதானமாக. ஒரு எழுத்துகூடத் தப்பாமல்.

யூனன் ஸ்டியரிங்கைக் கீழே போடப் பார்த்தான். முடியவில்லை. அவன் விரல்களுக்கு மேலே வேறு விரல்கள் படிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக. ஈரமாக. குட்டையான விரல்கள். உப்பு நீர் அவன் மணிக்கட்டு வழியே ஒழுகிச் சட்டைக் கைக்குள் இறங்கியது.

கீழே கேட் பக்கம் டயர் கீச்சிட்டது.

ஸ்டியரிங் மெதுவாகத் திரும்பியது, வீட்டு வாசல் பக்கம்.