தலைகீழாகப் போட்டுப் பெருக்கு

சட்டைக் காலரில் ஐயமானியைக் குத்திக்கொள்வதற்கு முன் லோகித் சார் மூன்று டம்ளர் மோர் குடித்தார். நான்காவதற்குக் கை நீட்டியபோது, ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஹரிணி டீச்சர் கரண்டியை நிறுத்திவிட்டார். இருவரும் ஒரே பள்ளியில் பதினைந்து ஆண்டுகளாக வேலை பார்ப்பவர்கள்.

"ஏனுங்க சார், பயிற்சிக்கு வந்தீங்களா, வயித்து ஸ்கேனுக்கு வந்தீங்களா? மத்தவங்களுக்கும் கொஞ்சம் வைங்க."

லோகித் சார் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

ஐயமானி சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். காய்ச்சலுக்கு வெப்பமானி மாதிரி சந்தேகத்துக்கு ஐயமானி. ஒரு விஷயம் பிடிபடாதபோது மூளை ஒரு நொடி இடறும். இடறியது நமக்கே உறைப்பதற்கு முன்னால் இந்தப் பித்தான் அதைக் கண்டுபிடித்து மஞ்சளாக எரியும். புரிந்ததும் அணைந்துவிடும். மழுப்ப முடியாது. வருகிற ஜூன் முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய சட்டையிலும் இது இருக்கும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. ஆசிரியர்கள் சட்டையிலும் இருக்கும் என்று அடுத்த வரியில் போட்டிருந்தார்கள். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து லோகித் சாருக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் முதல் பாடம் நடத்தும் வேலையும் ஆசிரியர்களுக்கு இல்லை. அதை வீட்டுச் சுவரில் ஒட்டிய ஒரு சிறு கருவி பார்த்துக்கொள்ளும். பெயர் இல்லாசான். இல்லத்து ஆசான் என்று அரசு பொருள் சொன்னது. 'ஆசான் இல்லா' என்றும் பிரிக்கலாமே என்று ஆசிரியர் அறைகளில் முணுமுணுத்தார்கள். பிள்ளைகள் மாலையில் வீட்டிலேயே பாடம் கேட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்கு வந்து கணக்குப் போடுவார்கள், சந்தேகம் கேட்பார்கள். வீட்டில் நடந்தது பள்ளிக்கும் பள்ளியில் நடந்தது வீட்டுக்கும் போய்விட்டதால் இதற்குத் தலைகீழ் வகுப்பு என்று பெயர். அதை ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்தத்தான் அன்று வட்டார வள மையத்தில் நாற்பது பேரைக் கூட்டியிருந்தார்கள்.

சந்தேகம் கேட்பார்கள். அதுதான் லோகித் சாருக்குப் பயம்.

இருபத்தேழு ஆண்டுகளாக அவர் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். ஒரு பின்னத்தால் வகுக்க வேண்டுமா, அந்தப் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுப் பெருக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஏன் தலைகீழாகப் போட வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. எந்தப் பிள்ளையாவது கேட்டால் "அது விதி, கண்ணு" என்பார். அந்தச் சொல் தமிழில் இருப்பது எவ்வளவு வசதி! கணக்கு விதியோ தலைவிதியோ, விதி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை.

சொந்தப் பாடத்தில் விளக்கு எரிந்தால் அந்த ஆசிரியரை வகுப்பிலிருந்து எடுத்துப் பதிவறையில் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உலவியது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பதிவறை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கல்வி அலுவலகத்தின் பின்பக்கம், பழைய கோப்புகள் அடுக்கிய, ஜன்னல் இல்லாத இடம். பிள்ளைகள் சத்தம் கேட்காமல் அரை நாள் இருந்தாலே லோகித் சாருக்குத் தலைவலி வரும். ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

"இதுக்குப் போயா இப்படி உருகறீங்க?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் கவின் சார். அடுத்த ஊர்ப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். எதற்கும் ஒரு குறுக்கு வழி கைவசம் வைத்திருப்பவர். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளித்தாளை எடுத்து லோகித் சார் கையில் திணித்தார். "பிஸ்கட் பாக்கெட்டுத் தாளுங்க. பித்தானுக்கு அடியில வெச்சுக் குத்துங்க, ஜென்மத்துக்கும் எரியாது. நான் வெச்சுட்டேன்."

லோகித் சார் அதைப் பையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை.

பயிற்சியாளர் யாழினி மேடம் உள்ளே வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவர் சட்டையிலும் ஒரு ஐயமானி இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பயிற்சியும் தலைகீழ் வகுப்புதான். திட்டத்தைப் பத்தின நாப்பத்தஞ்சு நிமிஷப் பாடத்தைப் போன வாரமே உங்க வீட்டுக்கு அனுப்பிட்டோம். பாத்தீங்களா?"

"பாத்தோமுங்க மேடம்!" என்றார்கள் நாற்பது பேரும் ஒரே குரலில்.

ஹரிணி டீச்சர் அதை ஓடவிட்டுத் துணி மடித்திருந்தார். பலர் இரட்டை வேகத்தில் ஓட்டியிருந்தார்கள். லோகித் சார் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தார். பத்தாவது நிமிடத்தில் ஆசிரியர் சட்டையில் ஐயமானி என்று ஒரு படம் வந்ததும் அணைத்துவிட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க மேடம்!"

யாழினி மேடம் மேசையில் இருந்த விசையைத் தட்டினார். ஐயமானிகள் உயிர்பெற்றன. கூடம் முழுக்க மஞ்சள் விளக்குகள். ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஹரிணி டீச்சர் குபீரென்று சிரிக்க, மொத்தக் கூடமும் சிரித்தது. ஆண்டாண்டு காலமாகப் பிள்ளைகள் நம்மிடம் சொன்ன அதே பொய்யை அதே ராகத்தில் சொல்லி மாட்டிக்கொண்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கவின் சார் விளக்கு மட்டும் எரியவில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

லோகித் சாருக்குச் சற்று மூச்சு வந்தது. திட்டம் புரியாதது எல்லோருக்கும் பொது. ஆனால் மதியம் மாதிரி வகுப்பு இருந்தது. நான்கு பேர் சீட்டெடுத்து, உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் வகுப்பு எடுக்க வேண்டும். அவர் பெயர் வந்தது. பாடத்துக்கான சீட்டைப் பிரித்தார்.

'ஆறாம் வகுப்பு. பின்னத்தால் வகுத்தல்.'

சாப்பாடு முடிந்ததும் கை கழுவும் இடத்துக்குப் போய் வெள்ளித்தாளை வெளியே எடுத்தார். பித்தானையும் கழற்றினார். ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையில் நின்று ஒருவருக்கொருவர் ஐயமானி குத்திவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளியில் ஐயமானியும் இல்லாசானும் ஒரு வருடமாகச் சோதனையில் இருக்கின்றன. "உனக்கு நேத்து எத்தன தடவ எரிஞ்சுது?" "ஏழு." "எனக்கு ஒம்போது!" என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். 'புரியாதவங்க கை தூக்குங்க' என்று லோகித் சார் எத்தனை வருடம் கேட்டிருப்பார்! ஒரு கைகூட உயர்ந்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. தாளைக் கசக்கிப் பையில் போட்டுவிட்டு, பித்தானை வெறும் சட்டையில் குத்திக்கொண்டு போனார்.

முன்வரிசைகளில் முப்பது பிள்ளைகள், பின்னால் ஆசிரியர்கள். கரும்பலகையில் 4 ÷ 2/3 என்று எழுதினார். பிள்ளைகள் மளமளவென்று போட்டு ஆறு என்றார்கள். எல்லோரும் சரி. ஆனால் இரண்டாவது பெஞ்சில் ஒரு சிறுமியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெயர் ராமாயி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ராமாயி, நாச்சிமுத்து என்று வைப்பதுதான் நாகரிகம். லோகித், கவின், ஹரிணி எல்லாம் பெரியவர்கள் பெயராகிவிட்டது.

"என்ன அம்மிணி, விடை சரியாத்தானே போட்டிருக்கே?"

"விடை வருதுங்க சார். எதுக்குத் தலைகீழாப் போடறோம்னுதான் தெரியலீங்க."

"இல்லாசான் சொல்லலையா?"

"மூணு தடவ கேட்டேனுங்க. அது விதின்னு சொல்லிடுச்சுங்க."

இல்லாசானுக்குப் பாடங்களைப் பதிந்து கொடுத்தவர்களும் லோகித் சாரைப் போன்ற ஆசிரியர்கள்தான். வேறென்ன சொல்லும்?

தன் கழுத்தருகே மஞ்சள் வெளிச்சம் பரவுவது அவருக்கே தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தார். பதிவறை, ஜன்னல் இல்லாத சுவர். நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கணக்கு ஆசிரியர்கள் ஒன்பது பேரின் விளக்கும் எரிந்தது. ஹரிணி டீச்சர் விளக்கு எரிந்தது. சுவரோரம் நின்ற யாழினி மேடத்தின் விளக்கும் எரிந்தது. அவர் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார்.

லோகித் சாருக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியாது, அம்மிணி."

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. "சரிங்க சார், கண்டுபுடிப்போமுங்க" என்றாள் ராமாயி, இது தினமும் நடப்பதுதான் என்பதுபோல.

எங்கே தொடங்குவது என்று அவர் திகைத்து நின்றபோது ஹரிணி டீச்சர் எழுந்தார். "சார், அந்த மோர்க் குண்டாவை எடுத்து வைங்க. நாலு லிட்டரு. நம்ம டம்ளர்ல லிட்டருக்கு மூணு டம்ளர் வரும், நான்தானே காலைல இருந்து ஊத்தறேன். ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடுத்தா எத்தன பேருக்கு வரும்? உங்களாட்ட மூணு குடிக்கறவங்களக் கணக்குல சேக்க வேண்டாம்."

கூடம் சிரித்தது. ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றால் மூன்றில் இரண்டு லிட்டர். அதே கணக்குதான். பிள்ளைகள் மேசையைச் சுற்றி மொய்த்தார்கள். ராமாயி ஊற்றினாள். லிட்டருக்கு மூன்று, நாலு லிட்டருக்குப் பன்னிரண்டு டம்ளர். இரண்டிரண்டாக நகர்த்தி வைத்தார்கள். ஆறு பேர்.

"முதல்ல என்ன பண்ணினோம்?" என்று கேட்டார் லோகித் சார்.

"மூணால பெருக்கினோமுங்க. டம்ளராக்கறதுக்கு."

"அப்பறம்?"

"ரெண்டால வகுத்தோமுங்க. ஆளுக்குப் பிரிக்கறதுக்கு." ராமாயி கரும்பலகையைப் பார்த்தாள். அங்கே மூன்று கீழே இருந்தது, இரண்டு மேலே. "சார்! மூணால பெருக்கி ரெண்டால வகுத்தா அது தலைகீழ் தானுங்களே? நாம போடவே இல்லீங்க சார், அதுவா வந்து நின்னுக்குச்சு!"

அவள் விளக்கு அணைந்தது. லோகித் சார் விளக்கும் அணைந்தது. பின்வரிசையில் ஒவ்வொன்றாக அணைந்தன. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இவ்வளவுதானா! இந்த நாலு லிட்டர் மோருக்காகவா இத்தனை வருடம் பயந்து செத்தோம்! விதி என்று சொல்லி உட்கார வைத்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு டம்ளர் மோர் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

மாலையில் அவராகவே யாழினி மேடத்திடம் போனார். மற்றவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"மேடம், என் பாடத்துலயே எனக்கு எரிஞ்சு போச்சுங்க. பதிவறைக்கு என்னைக்குப் போகணும்?"

"பதிவறைக்கு நீங்க எதுக்கு சார்?" என்றார் யாழினி மேடம். "நாள் முழுக்க விளக்கே எரியாதவங்களத்தான் அங்க மாத்தறோம். ஒரு சந்தேகமும் வராதவங்க சந்தேகம் கேக்கற வகுப்புல நின்னு என்ன பண்ணுவாங்க? வீட்டுப் பாடத்துல முப்பத்தெட்டாவது நிமிஷத்துல விளக்கமா சொல்லியிருக்கே. எல்லாரும் பாத்தோம்னு சொன்னீங்க?"

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு வாரச் சோறு, ஒரு வாரத் தூக்கம். மீதி முப்பத்தைந்து நிமிடத்தைக் கேட்டிருந்தால் எல்லாம் மிஞ்சியிருக்கும். லோகித் சாருக்குத் தன் மேலேயே கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இன்னைக்கு ஒரே ஒருத்தர்தான் அப்படி" என்று மேடம் பட்டியலைப் பார்த்தார். "கவின் சார்."

கவின் சார் முகம் வெளுத்தது. காலரைப் பற்றி இழுத்து, பித்தானோடு வெள்ளித்தாளையும் பிய்த்தெடுத்தார்.

"மேடம், எனக்கு ஒண்ணுமே புரியலீங்க! காலைல இருந்தே புரியலீங்க! அந்த மோர்க் கணக்குகூடப் பாதிதானுங்க புரிஞ்சுது!"

தாள் விலகியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டார். யாழினி மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. லோகித் சார் தன் பையிலிருந்த தாளைக் குப்பைக்கூடையில் போட்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. மாதக் கடைசியில் அடுத்த பயிற்சிக்குச் சுற்றறிக்கை வந்தது. அன்று மாலையே கவின் சார் கைபேசியில் அழைத்தார்.

"லோகித் சார், இந்தத் தடவ விளக்கு எரிஞ்சே ஆகணுமுங்க. அதுக்கு ஏதாச்சும் வழி வெச்சிருக்கீங்களா?"

"இருக்குதுங்க. வீட்டுக்கு அனுப்பின பாடத்த முழுசாப் பாருங்க. புரியாதது ஒண்ணாவது கட்டாயம் கெடைக்கும்."



"அது சரிங்க" என்றார் கவின் சார். "பாக்காம எரிய வைக்கறதுக்கு ஏதாச்சும் தாள் இருக்குதுங்களா?"