குளியலறைக் கல்

குளிக்கிற தண்ணீர் வெளியே வரவில்லை. வாழையைப் பார்த்துத்தான் சாந்தாமணி அதைக் கண்டுகொண்டாள். குளியலறைச் சுவருக்குப் பின்னால், அந்தத் தண்ணீரைக் குடித்தே கொழுத்து நின்ற வாழை இப்போது இலை சுருண்டு வாடிக்கொண்டிருந்தது. அடிமண் புழுதியாகக் கிடந்தது. உள்ளே வந்து ஒரு வாளி ஊற்றிப் பார்த்தாள். தரை மூலையில் பதித்த கல்லின் வட்ட ஓட்டைக்குள் தண்ணீர் சுழன்று இறங்கியது. விழுகிற சத்தம் மட்டும் வரவில்லை. நெடுநாள் மூடிக்கிடந்த பானையைத் திறந்தது போல ஒரு ஈரமண் வாசம் மேலே வந்தது.

அந்தக் கல் அவர்கள் சோளக்காட்டை ஒட்டிய மேட்டிலிருந்து வந்தது. எந்தக் காலத்துச் செத்தவர்களையோ புதைத்த மேடு. அரசாங்கம் கம்பிவேலி கட்டி, தொட்டால் தண்டனை என்று பலகையும் நட்டிருக்கிறது. அவள் கணவன் தம்பிதுரைக்குப் பலகையெல்லாம் ஒரு பொருட்டா? பட்டையான கல்லில் வட்டமாக ஓட்டையைக் கண்டதும், தண்ணீர் போக வாகாக இருக்குமே என்று டிராக்டரில் ஏற்றி வந்துவிட்டான். செத்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்க விட்ட வழி அது என்று ஊரில் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழையே இல்லாத சித்திரையில் மேடு நனைந்து கிடக்கிறது என்று அன்று பொழுது சாய, ஆடு மேய்க்கும் சின்னான் வந்து சொன்னான். பார்த்துவிட்டு வருவதாகத் தம்பிதுரை கிளம்பிப் போனான். சாந்தாமணி போர்வை அலசக் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஓட்டைக்குள் யாரோ இருமினார்கள்.

பீடி இருமல். அவளுக்குத் தெரியாத இருமலா அது? குனிந்தாள்.

“தண்ணி உடாத, சாந்தா. கழுத்து முட்டும் வந்துருச்சு.”

மேட்டுக்கு ஓடினாள். வேலியோரம் அவன் செருப்பு கிடந்தது. வேலிக்கு உள்ளே, பத்துப் பேர் சேர்ந்தாலும் அசையாத கற்கள் ஒன்றன்மேல் ஒன்று இறுகி மூடியிருந்தன. ஏனுங்க, ஏனுங்க என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். அடியில் எங்கோ தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

குழாய்.

அவள் மூடவில்லை.

திரும்பி வந்தபோது ஓட்டையிலிருந்து அவன் கை முழங்கை வரை நீண்டிருந்தது. குழாய் இருக்கும் பக்கமாகத் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. பாய்ந்து மூடினாள். கை நின்றது. பற்றினாள். விரல்கள் ஊறிச் சில்லிட்டிருந்தன. அவை அவளைப் பற்றவில்லை. எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கையை உரசிக்கொண்டு இன்னொரு கை மேலே வந்தது. மெலிந்த கை. மண் நிறம்.

உள்ளங்கையைக் குவித்து, தண்ணீருக்குக் காத்து நின்றது.