பதிவில் இல்லாத நுரையீரல்

கோடை விடுமுறை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இல்லை, ஒரு வாத்தியார் இல்லை. கரண்டும் போகவில்லை. ஆனாலும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கரியுண்ணிக்குப் பசி.

முத்துராக்கு கொட்டகை வாசலில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றுக்கும் உதவாமல் எரியும் டீசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷம், விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்தில் கிடந்து நெஞ்சு கெட்ட பிறகு கிடைத்த ஆபரேட்டர் வேலை இது. அந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு விறகுக் குச்சியைக்கூட அவள் சும்மா எரித்தது கிடையாது. இப்போது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் சும்மாவே எரிக்கச் சொல்கிறார்கள்.

கரியுண்ணி ஒரு பாய். உயிருள்ள பாய். ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களைப் பின்னி வளர்த்தது. ஜெனரேட்டரின் புகைக்குழாய் வாயில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் நாலு நட்டுப் போட்டு மாட்டியிருக்கும். புகை அதன் வழியாகப் போகும்போது கரியையும் நஞ்சையும் தின்றுவிட்டு வெறும் சூட்டை வெளியே விடும். வயிறு நிறைந்தால் கருநீலமாக மினுங்கும். பசித்தால் மஞ்சளடிக்கும். வெள்ளையாகிவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அது சாகக்கூடாது. வெயில் நாற்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால், விசிறியும் குளிரூட்டியும் ஓடாத பள்ளிக்கூடத்தை மூடிவிட வேண்டும் என்பது வெக்கைச் சட்டம். கரண்டோ தினம் ஐந்து மணி நேரம் இருக்காது. அதனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் கக்கும் புகை வகுப்பு ஜன்னலுக்குள் போனதால் நுரையீரல் நிதியம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையின் மூச்சைத் தத்தெடுத்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கரியுண்ணி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. பாய் செத்தால் ஜெனரேட்டருக்குச் சீல். ஜெனரேட்டருக்குச் சீல் வைத்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு.

பள்ளிக்கூடம் பூட்டினால் இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே போகும் என்று யாரும் முத்துராக்குவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் மகள் பேச்சி இந்த வருஷம் ஒன்பதாவது. பேச்சிக்கும் கரிமூட்டத்துக்கும் நடுவில் இருந்தது இந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர் ஒன்றுதான்.

கரியுண்ணிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வந்த தலைமையாசிரியர் பூமிநாதன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

"நிறம் எப்படிம்மா இருக்கு?"

"பச்சைப் பிள்ளை கணக்கா இருக்கு சார். வேளை தவறாமத் திங்குது."

"தினம் நாலு மணி நேரம் புகை கொடுத்தாகணும். டீசலையும் நிதியமே அனுப்பிட்டாங்க. நமக்கென்ன?"

"புகையைத் திங்கிறதுக்கு ஒண்ணை வளக்குறோம். அதுக்குத் தீனி போடணும்னு புகையை உண்டாக்குறோம். இதைப் படிச்சவுகதான் யோசிச்சிருப்பாக, இல்ல சார்?"

பூமிநாதனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று கையெழுத்தை மட்டும் போட்டார். "உன் வாய் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டி திரும்பியதும் முத்துராக்கு எழுந்து பின்சுவர் வழியாக மேற்கே பார்த்தாள். ஒரு மைல் தள்ளிக் கருவேலங்காட்டு ஓரத்தில் பதினோரு மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் புகையைத் தின்ன நாற்பது பொம்பளைகள் இருந்தார்கள். அவர்கள் மஞ்சளடித்தாலும் வெள்ளையானாலும் யாரும் ஓடிவரப்போவதில்லை.

ஜெனரேட்டரை நிறுத்தினாள். நாலு நட்டையும் கழற்றினாள். பாயை ஈரச்சாக்கில் சுருட்டிச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். இது குற்றமா என்று வழியில் ஒரு தடவை யோசித்தாள். குற்றமாகத்தான் இருக்கும் என்று பட்டது. நடையை நிறுத்தவில்லை.

மூட்டத்துப் பக்கம் போனதும் முதலில் கண்டது பஞ்சவர்ணத்தை. முத்துராக்குவின் அண்ணன் பெண்டாட்டி. இருபத்தொன்பது வருஷமாக மூட்டம் பார்க்கிறவள். விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, சேறு பூசித் தீ வைத்த பிறகு, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அடியில் விட்டிருக்கும் ஓட்டைகளில் வரும் புகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளையாக வந்தால் விறகில் ஈரம் போகிறது. மஞ்சளாக வந்தால் விறகு வேகிறது. மெல்லிசாக நீலம் வந்தால் கரியாகிவிட்டது, உடனே ஓட்டையை அடைக்க வேண்டும். ஒரு மணி நேரம் பிந்தினாலும் சாம்பல்தான். அந்த நீலத்தைப் பஞ்சவர்ணம் மாதிரிப் பிடிக்கிற ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

"என்னத்தா, பள்ளிக்கூடத்து மிதியடியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டே?"

"மிதியடி இல்ல மதினி. வேலைக்கு ஆள். சோறு கேக்காது, கூலி கேக்காது. புகையை மட்டும் திங்கும்."

"அப்ப நம்ம சாதிசனம்தான்னு சொல்லு."

ஓட்டையின் மேல் பாயைப் போர்த்தி நாலு பக்கமும் கல் வைத்தார்கள். பாய் ஒரு தடவை சிலிர்த்தது. மத்தியானத்துக்குள் கருநீலமாகி, தொட்டால் ஆட்டுத்தோல் மாதிரி வழுவழுவென்று ஆனது. டீசலில் அரைவயிற்றுக்குக் கிடந்தது, இங்கே பந்தியில் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரத்தில் ரெட்டிப்பாக வளர்ந்தது. முத்துராக்கு அரிவாளால் துண்டு போட்டு அடுத்த ஓட்டைக்குக் கொடுத்தாள். துண்டும் வளர்ந்தது. தினமும் பள்ளிக்கூடத்துப் பெட்டிக்கும் வயிறு நிறைந்த ஒரு துண்டை மாற்றி மாட்டிவிட்டு வந்தாள். அங்கே ஜெனரேட்டர் சும்மா நின்றது.

பெண்கள் மூட்டத்தடியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வராமல் கஞ்சி குடித்தார்கள். பத்தாம் நாள் பஞ்சவர்ணம் காறித் துப்பிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"வெள்ளையா இருக்குத்தா. என் எச்சிதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அதற்கு அடுத்த நாள்தான் அந்தத் தப்பு நடந்தது. எல்லா ஓட்டையிலும் பாய் போட்டிருந்த நாலாவது மூட்டத்தின் முன்னால் பஞ்சவர்ணம் நீலம் வரும், நீலம் வரும் என்று காத்திருந்தாள். வெள்ளையும் வரவில்லை, மஞ்சளும் வரவில்லை. வருகிற நிறத்தையெல்லாம் பாய் தின்றுகொண்டிருந்தது. மூட்டத்தின் உச்சி பொதுக்கென்று உள்ளே இறங்கியபோதுதான் புரிந்தது. நாலு டன் விறகும் சாம்பல். மூட்டத்து முதலாளி வந்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பஞ்சவர்ணம் முத்துராக்குவிடம் வந்தாள்.

"உன் பாய் புகையை மட்டும் திங்கல. என் கண்ணையும் சேத்துத் தின்னுருச்சு."

"எடுத்துரட்டுமா மதினி?"

பஞ்சவர்ணம் காலால் சாம்பலைக் கிளறினாள். பிறகு, "ஒரு ஓட்டையை மட்டும் தெறந்து வையி" என்றாள். "அதுல வாறதை நான் பாத்துக்கிறேன்."

"நீ மட்டும் எதுக்குத் திங்கணும்? மொறை வச்சுக்குவோம்" என்றார்கள் மற்றவர்கள். பதினோரு மூட்டத்துக்கும் ஒவ்வோர் ஓட்டை திறந்திருந்தது. நாற்பது பேர் முழுநேரம் தின்ற புகையை, ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்குமேல் குறைக்க வழியில்லை. நிறம் தெரிய வேண்டுமென்றால் யாராவது ஒருத்தி எதிரே நின்றுதான் ஆக வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து ஒன்பதாம் நாள், நிதியத்தின் ஆய்வாளர் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். பெயர் ஸ்வாதிகா. முப்பது வயதிருக்கும். முகத்தில் வடிகட்டிக் கவசம், கையில் தொட்டால் எழுத்து ஓடும் கண்ணாடிப் பலகை. கரியுண்ணி எவ்வளவு தின்றது என்பதை அதன் உடம்பே நிதியத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். வெட்டிய துண்டும் தாய்ப்பாயின் எண்ணைத்தான் சொல்லும். எங்கே இருந்து தின்றது என்பதை மட்டும் அது சொல்லாது. அதைத் தூக்கிக்கொண்டு போக ஒருவருக்கு ஆசை வரும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

"சார், உங்க ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுது?"

"அஞ்சு" என்றார் பூமிநாதன்.

"உங்க பாய் தின்ன கரி, அறுபது ஜெனரேட்டர் விடாம ஓடினா வர்ற கரி. தமிழ்நாட்டுலயே ரொம்ப ஆபத்தான பள்ளிக்கூடம் இதுதான்னு எங்க திரையில சிவப்பு எரியுது. பணம் கொடுக்கறவங்க எல்லாம் பயந்துபோய் எழுதறாங்க."

பூமிநாதன் வாசலில் நின்ற முத்துராக்குவைப் பார்த்தார்.

"சாரை எதுக்குக் கேக்குறீக, நான்தான் கொண்டுபோனேன்" என்று அவள் ஸ்வாதிகாவிடம் நேராகச் சொன்னாள். "வாங்க, காட்டுறேன்."

பூமிநாதனோடு மூட்டங்களின் நடுவே வந்து நின்ற ஸ்வாதிகா சுற்றிலும் பார்த்தாள். பதினோரு மேடுகள் வேகின்றன, மேட்டுக்கு ஒரு நூல் புகைக்கு மேல் இல்லை. தன்னை அறியாமல் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள். பிறகு பலகையைத் திறந்தாள்.

"எல்லாத் துண்டையும் எடுத்துக்கணும். பள்ளிக்கூடத்து ஜெனரேட்டருக்கு நாளைக்குச் சீல் வைக்கணும். எனக்கு வேற வழியில்லை."

"எதுக்கு? செத்தாப் போச்சு?" என்றாள் பஞ்சவர்ணம். "நல்லாத் தின்னுட்டுத்தான் கெடக்கு."

"விதி அப்படிக்கா. பதிவு பெற்ற நுரையீரலுக்குத்தான் பாய். பதிவுன்னா பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுல பேர் இருக்கணும். மத்தவங்க புகைக்குப் பயன்படுத்தினா விதிமீறல்."

"அப்ப எங்க நெஞ்சுக்குள்ள இருக்கறது என்ன, கூடையா?"

ஸ்வாதிகாவின் முகம் சிவந்தது. "அந்த விதியை நான் எழுதலைக்கா. எழுதினவங்க இங்கெல்லாம் வர மாட்டாங்க."

"நீங்க வந்திருக்கீகள்ல" என்றாள் முத்துராக்கு. அவளுக்கு மூச்சு இழுத்தது. நாளைக்குச் சீல் என்றால் நாளன்றைக்குப் பேச்சி இதே இடத்தில் கூடை தூக்குவாள். "ஒண்ணு கேக்கணும். பதிவேட்டுல பேரு இருந்தாப் போதுமா? வயசு என்னன்னு போட்டிருக்கா?"

ஸ்வாதிகா விதியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "மாணவர்னுதான் இருக்கு."

யாரும் கேட்காமலே பூமிநாதன் தொண்டையைச் செருமினார். "சேர்க்கைக்கு வயசு வரம்பை எடுத்து ஆறு வருஷமாச்சு. யார் வேணும்னாலும், எந்த வேலை நாள்லயும் வந்து சேரலாம். மறுத்தா என் மேல நடவடிக்கை எடுப்பாங்க." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பார்த்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை."

"இன்னிக்கு வேலை நாளா சார்?"

"வியாழக்கிழமைதானே."

முத்துராக்கு திரும்பினாள். "மதினி, அரிவாளைக் கீழ போடு. எல்லாரும் வாங்க."

முகம், கழுத்து, கை எல்லாம் கரியோடு நாற்பது பெண்களும் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்தபோது மூன்றாம் பாடவேளை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. "ஏய், எங்க அம்மாடி!" "எங்க சித்தியும் வருது!" வாத்தியார்கள் அதட்டியும் அடங்கவில்லை. திறந்த ஓட்டைகளைப் பார்க்கப் பதினோரு பேரை மூட்டத்தில் விட்டுவரலாம் என்று கிளம்பும்போது ஒருத்தி சொன்னதற்கு, அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதாவிட்டால் நகர மாட்டோம் என்று அந்தப் பதினோரு பேரும் சொல்லிவிட்டார்கள். முதலில் அவர்களை எழுதித் திருப்பி ஓடவிட வேண்டியதாயிற்று.

பூமிநாதன் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். முதல் பெயரை நிறுத்தி நிறுத்தி எழுதினார். ஏழெட்டுப் பெயர் எழுதிய பிறகு பேனா தானாக ஓடியது.

"எந்த வகுப்பு?"

"எது காலியா இருக்கோ அது."

"அப்பா பேர்?"

"செத்துட்டாரு."

"பேரு செத்திருக்காதில்ல, சொல்லுங்கம்மா."

"சாத்தையா."

முத்துராக்கு கடைசியாகத் தன் பெயரையும் சொன்னாள். "ஒன்பதாவது வேண்டாம் சார், மக மானம் போயிரும். எட்டுல போடுங்க."

"எல்லாம் சரிம்மா, வருகை எப்படிக் குறிக்கறது? நீங்க எல்லாம் மூட்டத்துல இருப்பீங்க."

"வாத்தியாரை அங்க அனுப்புங்க. புகைதான் முந்தி மாதிரி இல்லையே, வந்தா என்ன?"

ஸ்வாதிகா ஒவ்வொரு பெயரையும் பலகையில் ஏற்றினாள். இப்போது விதி வேறு பக்கம் பேசியது. ஒரு மாணவர் நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கிற இடத்தில் புகை கிளம்பினால், அங்கே முதலில் பாய் போட வேண்டும், போட்ட பாயை எடுக்கக் கூடாது. ஒப்புதலை அழுத்தினால் சீல் வைக்கும் உத்தரவு தானாகவே ரத்தாகிவிடும். அவள் ஒரு நொடி விரலைத் தூக்கி வைத்திருந்தாள். மேலிடத்தில் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிறகு அழுத்தினாள்.

நிதியத்தின் பொறி தன் வேலையைத் தானே பார்த்தது. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு மாணவருக்கும் உலகத்தில் எங்கோ ஒருவரைத் தேடிப் பிடித்து வாழ்த்து அனுப்பியது. 'உங்கள் குழந்தை இன்று பள்ளியில் சேர்ந்தாள். பெயர்: பஞ்சவர்ணம். முதல் வகுப்பு. வயது: ஐம்பத்தொன்று. புகையில் கழித்த ஆண்டுகள்: இருபத்தொன்பது.'

வயதைப் படிக்காமலே எழுதினார்களோ என்னவோ, ஐந்து நிமிஷத்தில் ஒரு பதில் வந்துவிட்டது. ஸ்வாதிகா தயங்கித் தயங்கிப் படித்தாள்.

"கண்ணே, உன் மூச்சுக்கு இனி நாங்கள் இருக்கிறோம். நீ சிரிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு."

படம் எடுக்க ஸ்வாதிகா பலகையைப் பஞ்சவர்ணத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பஞ்சவர்ணத்துக்கு இருமல் வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஆளை ரெண்டாக மடக்கிப் போடுகிற இருமல். அது அடங்கட்டும் என்று ஸ்வாதிகா பலகையைத் தாழ்த்தினாள்.

பஞ்சவர்ணம் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே அந்தப் பலகையைத் தன் பக்கம் இழுத்து நிமிர்த்தினாள்.

"எதுக்கு நிறுத்துறே? இருமறப்பவே எடு."