ஆறு கோழி, ஏழு நிறம்

"ஆறு கோழிக்கு ஏழு நிறத்துல முட்டை எங்கேருந்துடி வரும்? நான் கேக்குறேன், நீ பாட்டுக்கு—"

"கத்தாதீங்க, கோழிங்க மிரளுது—"

"மிரளட்டும்! அதுங்களுக்கு இருக்குற புத்தி உனக்கு இல்ல. பாரு, ஒண்ணாவது கூட்டுக்குள்ள போகுதா?"

போகவில்லை. பொழுது சாய்ந்தால் யாரும் கூப்பிடாமலே கூடு அடையும் கோழிகள், கொல்லைச் சுவரின் மேல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

"கூட்டுக் கதவுக்கு இப்பவே ஆணி அடிக்கிறேன். விடிஞ்சதும் பிரிச்சு எறிஞ்சிடலாம்."

"உங்க மண்டையில அடிச்சுக்குங்க. கழண்டது கொஞ்சம் இறுகும்."

கணவர் முறைத்துவிட்டுச் சுத்தியலைத் தேடி வீட்டுக்குள் போனார். கண்ணெதிரே இருப்பதையே தேடுகிற மனிதர். சீக்கிரம் வரமாட்டார்.

அவள் ஆயுளெல்லாம் சாயப்பட்டறையில் நிறம் கலந்தவள். நூலைப் பார்த்த மாத்திரத்தில் எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கோழி வளர்த்ததே அந்த ஆசையில்தான். ஒருத்தி இடும் முட்டை வெளிர்நீலம், ஒருத்தி பாசிப்பச்சை, ஒருத்தி காப்பிக்கொட்டை. ஒரு கோழிக்கு ஒரு நிறம், சாகும்வரை மாறாது. காலையில் கிண்ணத்தில் அடுக்கி ஜன்னலோரம் வைத்தால், உடைக்க மனசே வராது.

இந்த ஏழாவது நிறம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. எதோடு எதைக் கலந்தாலும் வராத நிறம் அது. முதல் முட்டை கூட்டின் வாசலிலேயே கிடந்தது. அடுத்தது முட்டையிடும் பெட்டிக்குள். அதற்கடுத்தது பெட்டிக்குப் பின்னால். எல்லாவற்றையும் அவர் பிடுங்கிச் சுவருக்கு அப்பால் வீசிவிட்டார். இதோ, இன்னொன்று. கூட்டின் ஆழத்தில் மங்கலாய்த் தெரிகிறது. ஆணி அடித்துவிட்டால் அவ்வளவுதான்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டுக்குள் தவழ்ந்தாள். எச்சமும் உமியும் ஈர இறகும் கலந்த பழகிய வாடைக்கு அடியில் வேறொரு வாடை, வெகுநாள் மூடிக்கிடந்த மெத்தையைப் பிரித்ததுபோல, கதகதப்பாய், இனிப்பாய் வந்தது. கை நீட்டினால் எட்டவேண்டிய பின்பலகை எட்டவில்லை. இன்னும் தவழ்ந்தாள். எட்டவில்லை. வைக்கோல் மட்டும் தடித்துக்கொண்டே போனது.

கையில் சிக்கியது.

கனம் சரியில்லை. நகத்தால் தட்டினாள். டொக்.

மரம். சாயம் பூசிய மரம்.

இளங்கோழிகள் கண்ட இடத்தில் முட்டையிடாமலிருக்க அவளும் பெட்டியில் ஒரு மரமுட்டையை வைத்துப் பழக்கியவள்தான். ஒன்று கிடந்தால் போதும், பத்திரமான இடமென்று நம்பி, கோழி தானாக வந்து உட்காரும்.

தன்னை யார் பழக்கினார்கள்?

பின்னால் நகர்ந்தாள். பாதம் எதிலோ பட்டது. பலகை இல்லை. மெத்தென்றிருந்தது. சூடாக இருந்தது.

அது மூச்சு விட்டது.

மெல்ல, அவசரமே இல்லாமல், முதுகின் மேல் இறங்கியது. இறகுகள் இரண்டு பக்கமும் சரிந்து வந்து வெளிச்சத்தை மூடின. கத்தினாள். வாய் நிறைய இறகுத் தூவி. அவள் முதுகில் இன்னொரு இதயம் அடித்தது. பெரியது. நிதானமானது.

பிறகு விலாவுக்கடியில் ஏதோ நுழைந்தது. வழவழப்பாய். வளைவாய். கீறாமல், நோகாமல், அவளைப் புரட்டிப் போட்டது. அடைக்கோழி முட்டையைப் புரட்டுகிற அதே பக்குவம். நீண்டிருந்த கையை மடக்கி உள்ளே தள்ளியது. காலை மடக்கியது. தலையையும்.

வெகுதூரத்தில் செருப்புச் சத்தம். கூட்டுக் கதவு கிறீச்சிட்டு மூடியது. பலகை மேல் ஆணியின் முனை உரசியது.

"ஏய், எங்க போய்த் தொலைஞ்ச? உள்ள யாரும் இல்லையே, அடிக்கட்டுமா?"