கலங்கிய மனை

செவ்வாயில் நிம்மதியின் விலை சதுர அடிக்கு நாற்பது மூச்சு. மூச்சு என்பது அங்கே நாணயம். காற்று ஆலை வெளியிடுவது. நிம்மதி என்பது காற்றடைத்த கூடாரத்துக்குள் இருந்த பெரிய குடிநீர் ஏரியின் அடியில், சத்தம் எட்டாத சேற்றில், ஒரு மனை.

ஆவுடையம்மை பூமிக்குத் திரும்பும் பயணச்சீட்டை விற்று அப்படியொரு மனை வாங்கியிருந்தாள். பக்கத்து மனைக்காரர் கைவைக்காதபடி ஒவ்வொரு சேற்றுத் துகளிலும் உரிமையாளர் பெயர் பதிக்கப்பட்டிருந்தது. அன்று நான்கு மணிக்கு அளவன், அதாவது நில அளவை எந்திரன், வந்து துகள்களை எண்ணும். பாதிக்குக் குறைந்தால் பத்திரம் ரத்து.

மூன்றரை மணிக்கு, காலையிலிருந்து ஏரிமேல் ஓடிய புதிய ராட்சதக் காற்றாடிகளை நிறுத்தினார்கள். அவை ஒரு கரையில் தள்ளிக் குவித்திருந்த வெதுவெதுப்பான மேல்நீர் திரும்பி வந்தது. அடியிலிருந்த குளிர்நீர் எதிர்ப்பக்கம் புரண்டது. மேற்பரப்பு கண்ணாடிபோல் கிடந்தது. உள்ளே, இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில், மூன்று மாடி உயர அலையொன்று நகர்ந்து போய் அடிச்சரிவில் மோதி உடைந்தது. மனை எழுந்து போய்விட்டது.

கரையிலிருந்த திரையில் இதைப் பார்த்த ஆவுடையம்மை, பக்கத்து மனை சங்கரலிங்கத்திடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, என் சேறு உங்க மனைக்கு வந்துட்டு. குடுத்திருங்க."

"நானா கூப்பிட்டேன்? தானா வந்தது. பாதிய வச்சுக்கிடுதேன், பாதிய தாரேன்."

"ஏரிக்குள்ள மனை வாங்கியும் உங்க நெஞ்சுல ஈரமில்லையே!"

அளவன் எண்ணி முடித்தது. "இந்த அம்மா மனையில் இரண்டு சதவீதம். ஐயா மனையில் ஒன்று. மீதி தண்ணீரில் மிதக்கிறது. இரண்டு பத்திரமும் ரத்து."

சங்கரலிங்கத்தின் முகம் தொங்கிப்போனது. "ஏ தங்கச்சி, நமக்குள்ள என்ன சண்டை? கள்ளன் அந்தா கெடக்கான்லா!" என்று ஏரியைக் காட்டினார்.

"ஆமா அண்ணாச்சி, ஒண்ணுந் தெரியாத மாதிரி கெடக்கதப் பாருங்க."

இருவரும் சேர்ந்து ஆக்கிரமிப்பு வழக்குப் போட்டார்கள், ரத்து நிறுத்திவைக்கப்பட்டது. ஏரி சார்பில் யாரும் ஆஜராகவில்லை. தீர்ப்புச் சொல்ல அளவனே பூமியின் பழைய ஆவணங்களில் முன்னுதாரணம் தேடியது. அரை நொடிகூட ஆகவில்லை. "மனைக்கும் ஏரிக்கும் தகராறு வந்த இடங்களில், பெரும்பாலும் காலி செய்தது ஏரிதான்."

காலி செய்யச் சொல்லும் நோட்டீசை நீர்மேல் ஒட்டினார்கள், மூழ்கியது. பெற்றுக்கொண்டதாகக் குறித்தார்கள்.

பதினைந்தே நாளில் ஏரியை இறைத்துக் கூடாரத்துக்கு வெளியே விட்டார்கள். அங்கே அது ஆவியாகிப் போனது. படிந்த சேற்றைப் பெயர் பார்த்துப் பிரித்தார்கள். ஆவுடையம்மை கையில் அளவன் இறுதிச் சீட்டைக் கொடுத்தது:

துகள்: எழுபது லட்சம், சரி. எல்லை: சரி. ஆக்கிரமிப்பு: அகற்றப்பட்டது. குடிநீர் இணைப்பு: தனியே மனு கொடுக்கவும், ஏரி வந்ததும் பரிசீலிக்கப்படும்.