கேப்டன் ஸ்டக்லெஸின் வாழ்க்கைக் குறிப்பு

1974 டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மதியம் தபால் வண்டி என்னைக் காலர் பைட் துறையில் இறக்கிவிட்டுத் திரும்பியது. பனி அள்ளிய பாதை ஒன்றுதான் இருந்தது. அதன் முடிவில், கேப்டன் ஒபதியா ஸ்டக்லெஸ் கட்டிய இரண்டு மாடி வெள்ளை வீடு. அவருடைய பேரன் கார்லண்ட் மாமா வாசலில் நின்று கையாட்டினார்.

“திர்சா நோஸ்வொர்திதானே? வா பொண்ணே, உள்ள வா. செயின்ட் ஜான்ஸ்ல உனக்கு யாரும் சாப்பாடு போடறதில்லையா? காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்கே.”

“வந்ததும் வம்பா? அவ பூட்ஸையாவது கழட்டட்டும்,” என்று அடுப்பங்கரையிலிருந்து அவர் மனைவி எஃபி அத்தை குரல் கொடுத்தார்.

இருவரும் எனக்கு உறவில்லை. நியூஃபவுண்ட்லாந்தில் வயதானவர்களை மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது நான் கனடாவின் பெரிய மனிதர்களைப் பற்றிய ஒரு வாழ்க்கைக் குறிப்புக் களஞ்சியத்துக்காகத் தகவல் சேகரித்துக்கொண்டிருந்தேன். தலைமை அலுவலகம் டொராண்டோவில். ஆளுக்கு எண்ணூறு சொற்கள். அதற்கு மேல் பிரதமருக்குக்கூட இடமில்லை என்பார் பதிப்பாசிரியர் டன்கன் ஃபெயர்லி. கேப்டன் ஸ்டக்லெஸ் அந்தப் பட்டியலில் இருந்ததற்குக் காரணம் 1906. அந்த வசந்தத்தில் அவருடைய கப்பல் பனிக்கடலிலிருந்து நாற்பத்தோராயிரம் கடல்நாய்த் தோல்களோடு திரும்பியது. அதுவரை யாரும் அவ்வளவு கொண்டுவந்ததில்லை. அதே பயணத்தில் பத்தொன்பது பேர் மூடுபனியில் வழி தவறிப் பனிப்பரப்பிலேயே விறைத்துச் செத்தார்கள். கப்பலில் இருந்தவர்களுக்கு எந்தக் கூவலும் கேட்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. கேப்டன் கௌரவமாக வாழ்ந்து கௌரவமாகச் செத்தார்.

பழைய ஆள்பதிவுத் தாள் ஒன்றிலிருந்து அந்தப் பத்தொன்பது பெயர்களையும் எழுதி வைத்திருந்தேன். பேருந்தில் திரும்பத் திரும்பப் படித்ததில் மனப்பாடமாகிவிட்டன. ஆம்புரோஸ் வைசே, இருபத்தாறு. தியோஃபிலஸ் பட், நாற்பது. எலி ரைட்அவுட், ஜாப் ரைட்அவுட், சகோதரர்கள், பத்தொன்பதும் பதினேழும். இப்படியே போகும் அது.

நான் வந்தது கப்பலின் நாட்குறிப்புக்காக. அது அந்தக் குடும்பத்தைத் தாண்டி வெளியே போனதே இல்லை.

உப்புமீனும் ஊறவைத்த கடின ரொட்டியும் சாப்பிட்டு முடித்ததும், மாமா எண்ணெய்த்துணியில் சுற்றிய நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். மார்ச் இருபத்தொன்றாம் தேதிப் பக்கத்தை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கையெழுத்து நிதானமாக இருந்தது.

‘மாலை நான்கு. மூடுபனி. இரண்டாம் குழு திரும்பவில்லை. கிழக்கே வேறொரு கப்பலின் புகை கண்டேன். கப்பலின் நீராவிச் சங்கை ஊத வேண்டாம் என்றேன். ஊதினால் நாம் வேட்டையின் நடுவில் நிற்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.’

‘ஆறு மணி. இடப்புறம் ஆட்கள் கூவுகிறார்கள். அருகில்தான். சங்கு வேண்டாம்.’

‘எட்டரை. கூவல் நின்றது.’

அடுத்த நாள் பக்கத்தில் மூன்றே சொற்கள். ‘தெளிவு. நல்ல வேட்டை.’

“கேட்டிருக்கு மாமா,” என்றேன். “அவருக்கு நல்லாவே கேட்டிருக்கு.”

“கப்பல்ல இன்னும் நூத்தம்பது பேர் இருந்தாங்க. வெறுங்கையோட திரும்பினா அத்தனை வீட்டுலயும் பட்டினி. அதை உன் எண்ணூறு வார்த்தையில எழுதுவியா?”

“எழுதலாம். இதையும் எழுதணும்.”

அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. “இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர் பேரு. மாதா கோயில் மணி அவர் வாங்கிப் போட்டது. எனக்குப் பிள்ளை குட்டி இல்ல பொண்ணே, அந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம். விசாரணையில சொன்னதையே நீயும் எழுது. எதுவும் கேட்கலைன்னு எழுது. நோட்டு ஆவணக்காப்பகத்துக்கு வரும், நான் செத்தப்புறம். இல்லேன்னா இதோ அடுப்பு இருக்கு.”

அடுப்பின் இரும்பு மூடியை அவர் ஏற்கெனவே தூக்கியிருந்தார். உள்ளே விறகு சிவப்பாகக் கனன்றது.

நான் சம்மதித்தேன். நோட்டு எரிந்துபோனால் உண்மை யாருக்கும் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘கப்பலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.’

மை காய்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

மணி நாலரை இருக்கும். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வேலியை மறைத்திருந்தது.

“மம்மர் உள்ளே வரலாமா?”

மூச்சை வெளியே விடாமல், உள்ளே இழுத்தபடி பேசும் குரல். கிறிஸ்துமஸ் முடிந்த பன்னிரண்டு நாளும் எங்கள் ஊர்களில் மம்மர்கள் வீடு வீடாக வருவார்கள். கிழிந்த ஜன்னல் திரையாலோ தலையணை உறையாலோ முகத்தை மூடி, குரல் தெரியாமலிருக்க அப்படித்தான் பேசுவார்கள். யார் என்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் திரையைத் தூக்கிவிட வேண்டும். பிறகு ஒரு கிளாஸ் ரம், கொஞ்சம் ஆட்டம்.

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. “வாங்கடா கழுதைகளா, வாங்க! எஃபி, பாட்டிலை எடு!”

வந்தார்கள். பெரிய காலணிகள், பெண்களின் பாவாடைகள், தார் பூசிய கோட்டுகள், கம்பளிக் கையுறைகள். ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். அடுப்பங்கரை நிறைந்து, நடைவழியும் நிறைந்தது.

“இந்தத் தொப்பையை எங்க வேணா கண்டுபிடிப்பேன். ரெக் கில்லார்டுதானே நீ?”

தலை இல்லை என்று ஆடியது.

“அப்போ நீ மெர்லின். கோணக்கால் மெர்லின். இல்லையா? பின்ன யாருடா?”

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக மம்மர்கள் இடிப்பார்கள், கூத்தடிப்பார்கள். இவர்கள் நின்றார்கள். ரம் கிளாஸ்கள் தட்டில் அப்படியே இருந்தன. ஈரக் கம்பளி நாற்றமும், கெட்டுப்போன மீனெண்ணெய் போன்ற கொழுப்பு வாடையும் அறையில் பரவின. எனக்கு எதிரில் நின்றவனின் தோளில் பனி படிந்திருந்தது. அடுப்பிலிருந்து ஒரு கை தூரம்தான்.

அந்தப் பனி உருகவில்லை.

எஃபி அத்தை நடைவழியில் தொலைபேசி எடுத்து யாரிடமோ பேசிவிட்டு வந்தார். என் காதருகே குனிந்தார்.

“ரெக் வீட்டுல கேட்டேன். இந்த மூட்டத்துல ஊர்ல ஒருத்தரும் வெளிய கிளம்பலையாம்.”

நான் எண்ணினேன். இரண்டாவது முறையும் எண்ணினேன்.

பத்தொன்பது பேர்.

எல்லாரிலும் உயரமானவன் மேசைக்கு வந்தான். கையுறை போட்ட கையை என் குறிப்பேட்டின்மேல், நான் எழுதிய வரியின்மேல் வைத்தான். தாளில் உறைபனி பூத்தது. அவன் குனிந்தபோது முகத்திரை அசையவே இல்லை. அவனிடமிருந்து மூச்சு வெளியே வரவில்லை; உள்ளே மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“யாருன்னு சொல்லு.”

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பட்டியல்தான். அதன் முதல் பெயரைச் சொன்னேன்.

“ஆம்புரோஸ் வைசே. இருபத்தாறு வயசு.”

அவன் திரையைத் தூக்கினான்.

முகம் இருந்தது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. வாய் மட்டும் அகலத் திறந்தபடி உறைந்திருந்தது. யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உறைந்த வாய்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாததால் நான் நிறுத்தவில்லை. தியோஃபிலஸ் பட். நேதன் கட்லர். ஹெசக்கியா லஷ். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு திரை உயர்ந்தது. ரைட்அவுட் சகோதரர்கள் கைகோத்து நின்றிருந்தார்கள். கையுறைகள் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டியிருந்தன. பத்தொன்பதாவது பெயரைச் சொல்லி முடித்தபோது அடுப்பங்கரை முழுக்கத் திறந்த வாய்கள். உயரமானவன் மேசையிலிருந்து கையை எடுத்தான்.

அவர்கள் என்னை விட்டுவிட்டார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் மாமாவின் பக்கம் திரும்பினார்கள்.

“கேட்டுச்சா?”

மாமா அடுப்போரம் ஒதுங்கியிருந்தார். நாட்குறிப்பை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“மாமா, ஆமான்னு சொல்லுங்க,” என்றேன்.

“சொல்லித் தொலைங்க கார்லண்ட்,” என்று அத்தை அழுதார். “ஒரே ஒரு வார்த்தை.”

“கேட்டுச்சா?”

அவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உதடுகூட அசைந்தது. பிறகு சுவரில் மாட்டியிருந்த கேப்டனின் படத்தைப் பார்த்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“எங்க தாத்தாவுக்கு எதுவும் கேட்கல.”

உயரமானவன் தன் முகத்திரையைக் கழற்றி அவர் தலையில் போட்டான். யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. மம்மர்கள் அடுத்த வீட்டுக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்வது உண்டு. அதுபோலத்தான் சுற்றி நின்று நடந்தார்கள், அவரும் நடுவில் நடந்தார். காலுறையோடு. நாட்குறிப்பு கையிலிருந்து நழுவி வாசற்படியில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் திறந்தபோது வெளியே வெண்மை மட்டும் இருந்தது.

“எஃபி!”

துறைமுகப் பனிப்பரப்பின் பக்கமிருந்து குரல் வந்தது. அருகில்தான். ஐம்பது அடி இருக்கும்.

“எஃபி! வீடு எந்தப் பக்கம்? ஒரு குரல் குடு!”

அத்தை கத்தினார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. நான் கத்தினேன். என் வாயிலிருந்தும் வரவில்லை. அத்தை உள்ளே ஓடி இரும்புச் சட்டியையும் கரண்டியையும் எடுத்துவந்து அடித்தார். இரும்பு இரும்பில் மோதியது; பஞ்சில் பஞ்சு விழுந்தது போலிருந்தது. மாமாவின் துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டேன். தோளில் உதை விழுந்தது, நெருப்பு தெரிந்தது. சத்தம் இல்லை. விளக்கை ஏந்தி நான்கடி போனேன். என் கையே எனக்குத் தெரியாமல் போனதும் திரும்பிவிட்டேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

“யாராவது இருக்கீங்களா? ஊதுங்க! எதையாவது ஊதுங்க!”

அத்தை சட்டியை அடிப்பதை நிறுத்தவில்லை. குரல் இடமாகப் போனது, வலமாக வந்தது. ஒருமுறை வேலிக்கு மறுபக்கமே கேட்டது. ஏழு மணிக்குமேல் வார்த்தைகள் போய்விட்டன, வெறும் கூவல்தான். பிறகு அதுவும் தேய்ந்தது.

நின்றது.

அடுத்த அடியில் சட்டி கணீரென்று ஒலித்தது. அத்தை அதைக் கீழே போட்டுவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டார். உள்ளே கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை.

காலையில் நல்ல வெயில். மாமா வாசலிலிருந்து நாற்பதாவது அடியில் கிடந்தார். வாய் திறந்திருந்தது.

அடக்கம் முடிந்த அன்று எஃபி அத்தை நாட்குறிப்பை என்னிடம் கொடுத்தார். “எடுத்துட்டுப் போ. அவரை மாதிரி நீயும் பிடிவாதம் பிடிக்காத. இருக்கறதை இருக்கறபடி எழுது.”

எழுதினேன். சங்கைப் பற்றி, கூவலைப் பற்றி, பத்தொன்பது பெயர்களையும் வயதோடு. சரியாக எண்ணூறு சொற்கள். நாட்குறிப்பின் நகலையும் இணைத்து டொராண்டோவுக்கு அனுப்பினேன்.

ஃபெயர்லி பொறுமையாகத்தான் பேசினார். “திர்சா, இது பெரிய மனுஷங்களைப் பத்தின புத்தகம். கூலிக்கு வேட்டைக்குப் போனவங்க பேரை எல்லாம் போட்டா இது டெலிபோன் டைரக்டரி ஆயிடும். அந்த நோட்டும் ஒருத்தர் கையெழுத்து, அவ்வளவுதான். நமக்கு அரசாங்க விசாரணை அறிக்கை இருக்கே.”

“எதுவும் கேட்கலைங்கற அந்த வரியைப் போடாதீங்க சார். என்ன நடந்துச்சுன்னு நான் சொன்னேன்ல.”

“அந்தக் குளிரும் சாவும் உங்களை ரொம்ப அசைச்சிருக்கு. ஒரு மாசம் லீவ் எடுத்துக்கோங்க.”

தொகுதி 1976 ஜூனில் வெளிவந்தது. பெயர்கள் இல்லை. அந்த இடத்தில் ‘கப்பலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை’ என்ற வரி இருந்தது. பிரதி என் கைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பிற்பகல், ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்த வெயிலில், தொலைபேசி மணி அடித்தது.

“திர்சா, உங்க ஊர்க்காரங்களை எங்க வீட்டுக்கு அனுப்பி வெச்சீங்களா?” ஃபெயர்லி சிரித்துக்கொண்டிருந்தார். “வராந்தா முழுக்க நிக்கறாங்க. ஜூன் மாசத்துல கம்பளிக் கையுறை! என் மனைவி எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோனா, ஒருத்தரும் தொடல. மூச்சை இழுத்து இழுத்து என்னமோ பேசறாங்க. யாருன்னு சொல்லணுமாமே? சும்மா சொல்லுங்க, யார் இவங்க?”

“ஆம்புரோஸ் வைசே,” என்றேன். “எழுதிக்கோங்க சார், சத்தமா படிங்க. தியோஃபிலஸ் பட். நேதன் கட்லர்...”

“ஹலோ?”

“ஹெசக்கியா லஷ்! எலி ரைட்அவுட்!”

“ஹலோ, திர்சா? லைன்ல இருக்கீங்களா? உள்ள வர்றாங்க... இருங்க, இருங்க. ஹலோ? எனக்கு எதுவும் கேட்கல.”

நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். தொண்டை கிழிந்துவிடும்போல வலித்தது. அறைக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை.